கங்கில் வைத்த போஞ்சிக் கொட்டை

மழை பிடித்த நாளிலிருந்து என் மகள் சோறு தொடுவதில்லை. ரொட்டி இல்லை, பருப்பு இல்லை, எந்தப் பயறும் இல்லை. ஹட்டனில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். போனில் யாரோ பேசியதைப் பார்த்தாளாம். தானியத்திலும் பயறிலும் லெக்டின் என்று ஒன்று இருக்கிறதாம், அது குடலை அரிக்குமாம். இலை தழையாகத் தின்று கன்னம் ஒட்டிப்போனாள். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். டாக்டர் இரத்தம் குறைவு, எல்லாம் கலந்து சாப்பிடு என்றார். அதையும் கேட்கவில்லை.

நான் ரொட்டி சுட்டால் கடைசி வீடுவரை வாசம் போகும். அதை அவள் தள்ளி வைத்தால் எனக்குப் பொறுக்குமா?

"மாவு நஞ்சா? அந்த நஞ்சத் தின்னுதான்டி ஒன்னயப் பெத்தேன்."

"அதுதாம்மா ஒங்களுக்கு முட்டிவலி."

"மல ஏறி எறங்குன முட்டிடி இது. மாவு மேல பழி போடாத."

சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். "சரி, இதக் கேளுங்க. செவப்புப் போஞ்சிக் கொட்ட இருக்குல்ல, அரவேக்காட்டுல கொஞ்சம் தின்னாலே வாந்தியாம். கொதிக்காம எளஞ்சூட்டுலயே கெடந்தா பச்சக் கொட்டயவிட மோசமாம்."

பிசைந்த மாவில் என் கை அப்படியே நின்றது.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். அரிசியும் மாவும் கிடைக்காத பஞ்ச காலம் அது. அம்மா வேலியில் படர்ந்து காய்ந்த போஞ்சிக் காயை உரித்துச் சிவப்புக் கொட்டை எடுப்பாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் தேயிலைச் செடியில் வெட்டிப் போட்ட மிலாறு விறகு எரிந்து கங்கானதும் சட்டியை அதில் வைத்து, சுற்றிச் சாம்பலை அணைத்துவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்க ஓடுவாள். சாயங்காலம் கொட்டை மெத்தென்று இருக்கும். வந்து ஒரு கொதி விட்டுத் தின்போம். அன்றைக்கு விறகெல்லாம் மழையில் நனைந்து, அடுப்பு பிடிக்கவில்லை. தங்கச்சி பசியில் அழுதாள். மெத்தென்றுதானே இருக்கிறது என்று அம்மாவே அவளுக்கு முதலில் அள்ளிப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி. நிற்கவேயில்லை. ஏற்கெனவே எலும்பாக இருந்த பிள்ளை. முனி அடித்துவிட்டது என்றார்கள். பூசாரி வந்து திருநீறு போட்டார். மறுநாள் பெரட்டு நேரத்தில் அவள் உயிரோடு இல்லை.

முனிக்கு என்ன குறை வைத்தோம் என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ இன்றைக்கும் மழைச் சாயங்காலங்களில் அடுப்புப் பக்கம் யாரோ தட்டைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அப்படியென்றால் முனி இல்லை, கங்குதான். அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

"நல்லாக் கொதிச்சா?" என்று கேட்டேன்.

"போயிருமாம். ஊற வச்சு, அந்தத் தண்ணிய ஊத்திட்டு, நல்லாக் கொதிக்க வச்சா பயமில்லன்னு போட்டிருக்கு."

"அப்ப சோத்த ஏன்டி விட்ட? வேகாத அரிசியவா ஒனக்குப் போட்டேன்?"

அவள் போனைக் கீழே வைத்தாள். அன்றைக்குத்தான் தங்கச்சியைப் பற்றி அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போஞ்சிக் கொட்டையை ஊற வைத்து, தண்ணீரை இறுத்துக் கொட்டி, மூடி துள்ளக் கொதிக்க வைத்தேன். மகள் பிறந்ததிலிருந்து நான் சமைக்காத கறி. மதியச் சோற்றோடு வைத்தேன். பிசைந்து சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் வாயில் வைக்கவில்லை.

"என்னம்மா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல, தின்னு."

சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனவளைக் கதவைச் சாத்த விடவில்லை. பொழுது சாயும்வரை அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் இருமியபோதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன்.