மூன்று புள்ளிக்குப் பிறகு

அலுவலகத்தில் அவருக்குக் கட்டம் சார் என்று பெயர். டேட்டாபேஸில் ஒரு டேபிள் எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரு வரி தட்டிக் கேட்டால் கறுப்புத் திரையில் கட்டம் போட்டுப் பதில் வரும். அது எந்த லட்சணத்தில் வர வேண்டும் என்று வடிவமைப்பது அவர் வேலை. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் கண்ட உண்மை, கட்டத்தின் கோடு வளையக் கூடாது என்பதுதான்.

கோட்டை வளைத்த ஒரே எதிரி, டேபிளைக் கையாள்கிறவர்கள் அதோடு எழுதிவைக்கும் குறிப்பு. சிலது முழ நீளம் போகும். கட்டம் சார் அதைக் கட்டத்துக்குள் அடங்கும் ஒரு வரியோடு வெட்டி மூன்று புள்ளி வைத்தார்.

"மிச்சத்துல முக்கியமா ஏதாவது இருந்தா என்ன சார் பண்றது?" என்றார் பக்கத்து மேஜைக்காரி. கண்ணாடியின் தடிமனால் அவர் சோடாபுட்டி.

"அழகா இருக்கறது உங்களுக்குப் பொறுக்காதே!"

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. பணியில் மூத்தவருக்குத்தான் அது. கட்டம் சார் சோடாபுட்டியைவிட இரண்டு வருடம் மூத்தவர். நாற்காலிக்கு மெத்தைகூட வாங்கிவிட்டார்.

இயக்குநருக்குத் திரையைக் காட்டும் நாள் வந்தது. எண் மட்டுமே பெயராக உள்ள ஏதோ ஒரு டேபிளைத் தட்டினார். குறிப்பு வந்தது: "பழைய டேபிள், அழித்துவிடலாம்..."

"பாத்தீங்களா சார்? ஸ்கிரீனே சொல்லுது!" என்று அங்கேயே அழித்தும் காட்டினார். இயக்குநர் கைதட்டினார். கட்டம் சாருக்குத் தலைகால் புரியவில்லை.

அரை மணி நேரத்தில் பணியாளர் பிரிவு அலறிக்கொண்டு வந்தது. யார் எப்போது வேலையில் சேர்ந்தார்கள் என்ற டேபிளைக் காணோம். சோடாபுட்டி பழைய கோப்பைத் தேடி எடுத்து, குறிப்பை முழுதாக வாசித்தார்: "பழைய டேபிள், அழித்துவிடலாம் என்று தோன்றும். தொடாதீர்கள். எல்லோருடைய பணிமூப்பும் இதில்தான் இருக்கிறது." எழுதியவர் என்ற இடத்தில் கட்டம் சாரின் பெயர்.

அந்த டேபிளுக்குக் கைவசம் இருந்த ஒரே நகல், இருவரும் சேர்வதற்கு முந்தையது. வேலைக்குச் சேர்ந்த கடிதத்தைக் காட்டினால் மறுபடி பதிவோம் என்றார்கள். சோடாபுட்டி மறுநாளே நீட்டினார். கட்டம் சார் வீட்டு அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கடிதம் கிடைத்தது, மேல் ஓரத்தில் தேதி மட்டும் இல்லை.

"ஃபைலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு அசிங்கமா இருக்குன்னு நீங்கதானே கத்தரிச்சீங்க?" என்றார் மனைவி.

டேபிளில் பதியும்போது தேதி இல்லாவிட்டால் அந்த இடத்தில் அன்றைய தேதி தானாகவே விழும். அதுவும் கட்டம் சார் வைத்த ஏற்பாடுதான். பிரிவுத் தலைவர் நாற்காலியில் அவர் வாங்கிய மெத்தை மேல் உட்கார்ந்து, சோடாபுட்டி அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கட்டம் சார் குனிந்து பார்த்தார். பன்னிரண்டு வருடம் உழைத்தவர் அன்று காலைதான் வேலையில் சேர்ந்திருந்தார். கோடு ஒன்றுகூட வளையவில்லை.