மாஸ்க்குக்குள் இரண்டு சொட்டு

மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் நான் வேலை செய்யும் கையுறை ஃபேக்டரியில் என்னைத் தைலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கை ரப்பர் கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கக் குளோரின் தண்ணீரில் அலசி எடுக்கும் பகுதியில் பதினோரு வருடமாக நிற்கிறேன். அந்த ஆவி மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் கொட்டும், தொண்டை எரியும். அதற்காகத்தான் இரண்டு பக்கமும் வட்ட ஃபில்டர் வைத்த மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள்ளும் வாடை வருகிறதே என்று, ஒருநாள் தலைவலித் தைலத்தை இரண்டு சொட்டு உள்ளே தடவிப் பார்த்தேன். குளோரின் போன இடம் தெரியவில்லை. மறுவாரம் லைன் முழுக்க என் பாட்டிலுக்கு வரிசை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் பெருமைதான்.

எல்லாரையும்விட அதிகம் தடவிக்கொண்டவர் பக்கத்துத் தொட்டியில் வேலை செய்பவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், முப்பது வயதிருக்கும். "அக்கா, உங்க தைலம் இல்லன்னா நான் என்னைக்கோ ஊருக்கு ஓடியிருப்பேன்" என்பார். இந்த வருடம் அவருக்கு இருமல் பிடித்தது. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினாலும் நிற்காத இருமல். எனக்கும் நெஞ்சில் ஓர் இறுக்கம் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. அவருக்கோ பெர்மிட் புதுப்பிக்கிற நேரம். நெஞ்சு சரியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் ஊருக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வருடப் பரிசோதனைக்கு எங்களை வேனில் ஏற்றிக் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். டாக்டர் தமிழ்ப் பெண், என் மகள் வயது. மூச்சை அளக்கும் குழாயில் என்னை ஊதச் சொல்லிவிட்டு, "மாஸ்க் ஒழுங்கா போடுறீங்களா ஆன்டி?" என்று கேட்டார். ஆன்டி என்றது பிடிக்கவில்லை. ஆனாலும் என் தைல வித்தையை விலாவாரியாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஃபில்டர் முடிஞ்சு போனாத்தான் வாடை உள்ள வரும். அதுதான் உங்க அலாரம் லா. நீங்க அந்த அலாரத்தையே அமுக்கி வெச்சிருக்கீங்க. கடைசியா எப்ப மாத்துனீங்க?"

எனக்கு நினைவில்லை. வாடை தெரிந்தால்தானே புதிது கேட்போம். நாங்கள் கேட்கவில்லை, ஸ்டோரும் கொடுக்கவில்லை. தேதி பார்த்து மாற்றித் தருவது அவர்கள் வேலை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது பயம்தான் வந்தது. உள்ளே தஞ்சாவூர்க்காரர் ஊதுவது கேட்டது. நடுவில் இருமினார், மறுபடி ஊதினார். அந்த நெஞ்சைக் கெடுத்தது என் கைதானோ?

அரைமணி கழித்து ஒரு கடிதத்தோடு வெளியே வந்தார்.

"நுரையீரலுக்கு ஒண்ணும் இல்லையாம் அக்கா. மூச்சுக்குழாய்தான் எரிஞ்சு போயிருக்காம். நாலு வாரம் பேக்கிங்ல போட்டா சரியாயிடும்னு எழுதிக் குடுத்துருக்காங்க. உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான்" என்றேன். அப்புறம், "என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு" என்றேன்.

"விடுங்கக்கா. நீங்க ஊத்துனீங்க, நான் கேட்டு வாங்கிப் பூசிக்கிட்டேன்."

வேனில் ஏறும்போதுதான் நான் ஒழுங்காக மூச்சு விட்டேன். பாட்டிலை இப்போது தலைவலிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். லைனில் ஒவ்வொருவரிடமும் போய் நானே விஷயத்தைச் சொன்னேன், வெட்கமாகத்தான் இருந்தது. டாக்டர் ஃபேக்டரிக்கும் எழுதியதால் ஸ்டோரில் தேதி பார்த்து ஃபில்டர் தருகிறார்கள்.

பேக்கிங்கில் நான்கு வாரம் முடிந்து மறுபடி ஊதிக் காட்டினோம், இருவருக்கும் சரியாகியிருந்தது, அவருக்குப் பெர்மிட்டும் வந்துவிட்டது. தொட்டிக்குத் திரும்பிய சில நாளில் அவர் கையை உயர்த்தினார்.

"அக்கா, வாடை வருது."

என் மாஸ்க்குக்குள் மோந்து பார்த்தேன். எனக்கும் மெல்லிசாக வந்தது. இருவரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து, நேராக ஸ்டோருக்குப் போனோம். "தேதி இன்னும் இருக்கே, நெஜமாவே வாடை வருதா?" என்று ஸ்டோர்க்காரர் முறைத்தார்.

"வருது பொஸ், ஜம்முனு வருது" என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூர்க்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்து முடிக்கும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இருமல் வரவில்லை.