ஓயோ கிழித்த நீலம்

சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துத் தைத்து முடித்த விரல்கள், அடுத்து நீலத்தை வைத்துப் பிடித்தன. மிஷின் ஓடியது. மூன்று பட்டையும் சேர்ந்ததும் நூலைக் கடித்து அறுத்து, துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள் என்டின். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே மேற்கொண்டு தைப்பாள். இன்னும் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு சேர்ந்தால் தாய்லாந்துக் கொடி.

வெளியார் தலையீடு இல்லாமல் கூடிப் பேச ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளை இந்தோனேசியா இந்தப் பாண்டுங் நகரத்து மாநாட்டுக்கு அழைத்திருந்தது. வருகிற ஒவ்வொரு நாட்டின் கொடியும் தெருவில் பறக்க வேண்டும். இந்தக் கொடியைச் சாயங்காலத்துக்குள் தருவதாக என்டின் வாக்குக் கொடுத்திருந்தாள்.

துணியை வேலியில் காயப்போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது சிவப்பும் வெள்ளையும்தான் இருந்தன. நீலம் நார்நாராகச் சாக்கடையில் கிடந்தது. பக்கத்து வீட்டு ரிக்‌ஷாக்காரன் ஓயோ மூச்சு வாங்க நின்றான்.

"யாருக்கா இங்க டச்சுக் கொடியத் தொங்கவிட்டது? நல்லவேளை, நான் பாத்தேன்."

"நான்தான். தாய்லாந்துக் கொடிடா அது. பாதிதான் தச்சிருக்கேன்."

முன்பு நாட்டை ஆண்ட டச்சுக்காரன் கொடியில் அடியிலுள்ள நீலத்தைக் கிழித்துவிட்டால் மிச்சம் இந்தோனேசியக் கொடி. நாற்பத்தைந்தில், விடுதலைப் போராட்டத்தின்போது, கூரை கூரையாக ஏறிக் கிழித்தவர்களில் ஓயோவும் ஒருவன். பத்து வருஷமாகியும் கை மறக்கவில்லை.

"தாய்லாந்தா? அமெரிக்காவோட கைகோத்தவங்கன்னு பேசிக்கிறாங்க. அவங்களுக்கு எதுக்கு நம்ம தெருவுல கொடி?"

"நாம யாரோட சேரணும்னு வெளியாள் சொல்லக் கூடாதுன்னுதானே நீ கூரை ஏறின? இப்ப நீயே அவங்களுக்குச் சொல்றியா? கூப்பிட்டது நாம. அவங்க கொடி மட்டும் இல்லன்னா, கிழிச்சது ரிக்‌ஷாக்கார ஓயோன்னு பலகை எழுதி மாட்டவா?"

ஓயோ கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தான். ஊரில் இருந்த நீலமெல்லாம் கொடிகளுக்கே போய்விட்டிருந்தது. பிறகு தன் வீட்டுக்குள் போய், மடித்த துணியொன்றை எடுத்து வந்து நீட்டினான். அகலமான நீலம்.

"அன்னிக்குக் கூரையில ஏறிக் கிழிச்சது, அக்கா. சட்ட தைக்கணும்னு பொண்டாட்டி கேட்டப்பகூடக் குடுக்கல."

என்டின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பூச்சி அரிக்கவில்லை. நனைத்துப் பிழிந்தாள். சாயம் போகவில்லை.

"இந்தப் பிஞ்ச ஓரத்த வெட்டணும்டா."

"வெட்டுக்கா," என்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். வெட்டிய ஓரத்தை மட்டும் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் என்டின் கொடியைத் தைத்து முடிக்க, ஓயோவே ரிக்‌ஷாவில் அவளை மாநாட்டு மண்டபத்துக்கு மிதித்துக்கொண்டு போனான். கொடிகளை வாங்கிக்கொண்டிருந்த அதிகாரி விரித்துப் பார்த்து, ஒவ்வொரு தையலாகத் தடவினார்.

"நடுவுல நீலம் மட்டும் கனமா இருக்கே?"

"நல்ல துணிங்கய்யா," என்றாள் என்டின்.

"காத்துல பறக்குமா?"

"பறக்கும்யா," என்றான் ஓயோ. "நான் பாத்திருக்கேன்."

அதிகாரி கொடியை மடித்து வைத்துக்கொண்டார்.