மதினி குடிக்காத தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் பித்தளைச் செம்பில் தண்ணீர் நிறைத்து முதலில் நீட்டுவது மதினிதான். விளிம்பு வரை ஊற்றி, வெளியே வழிந்ததை முந்தானையால் துடைத்துக் கொடுப்பாள். அந்தச் செம்பைத் தூக்கி அவள் அண்ணாந்து குடித்து, பகல் வேளையில் நான் பார்த்ததே இல்லை.

மதினி என் அண்ணனைக் கட்டி வந்தவள். அதற்கு முன்பே அவளை எனக்குத் தெரியும். தாயில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவள். அவள் எட்டு வயதில் போனவள்; நான் அஞ்சாங்கிளாஸ் முடித்துவிட்டுப் போனேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தின் பள்ளங்களில் குச்சியைப் பரப்பித் தட்டி நிரப்ப வேண்டும். விடியுமுன் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுந்திருப்போம்.

ஆபீஸுக்குள் நெருப்பு ஆகாது என்பதால் ஆண்கள் பீடி குடிக்க வெளியே போவார்கள். அவர்கள் நிற்கும் இடம் பின்பக்கத்துக் கருவேலங்காடு. ஒதுங்குவதற்குப் பெண்களுக்கும் அதை விட்டால் வேறு இடமில்லை. பகலெல்லாம் அங்கே யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் வயதுக்கு வந்த பிள்ளைகள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. அவர்களைப் பார்த்து, வந்த வயதிலேயே மதினியும் அப்படிப் பழகிவிட்டாள். குடித்தால்தானே போக வேண்டும்? நாக்கு ஒட்டிக்கொண்டால் ஈரத் துணியின் நுனியால் உதட்டைத் தொட்டுக்கொள்வார்கள். என்னால் அது முடியாது. குடித்துவிட்டு, துணைக்கு ஒருத்தியைக் கெஞ்சிக் கூட்டிப் போவேன்.

“தண்ணிப்பானை கெளம்பிருச்சுடி” என்று சிரிப்பார்கள்.

கணக்கப்பிள்ளை மதினியைக் காட்டிச் சொல்வார்: “அந்தப் புள்ளயப் பாருங்க. ஒட்டகங் கணக்கா காலைல உக்காந்தது அசையுதா? நீங்களும் இருக்கீகளே!”

மதினி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். அவளுக்கு அது பெருமை. எங்கள் எல்லாருக்குமே அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

கல்யாணமாகி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்கள் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. இருட்டினால்தான் வெளியே போக முடியும். அண்ணன் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் வேலைக்குப் போனார். மதினி இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வளர்த்துக்கொண்டே குச்சியும் அடுக்கினாள். நீர் கடுத்தால் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்வாள். நடுக்கலோடு காய்ச்சல் வந்தால் கஷாயம். முதுகுப் பக்கம் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்வதும், முகம் வீங்கி எழுந்திருப்பதும் எங்களுக்குப் பழகிப்போயின. அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், அடுப்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மதினியை பஸ்ஸில் என் தோளில் சாய்த்துக்கொண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது எனக்கு மூட்டு வலி. பார்க்கிற டாக்டர்களெல்லாம் “எப்ப இருந்து?” என்று முதலில் கேட்கிறார்கள். அன்று மதினியிடமும் டாக்டரம்மா அதைத்தான் கேட்டார்.

“முந்தாநாத்துலருந்தும்மா” என்றாள் மதினி.

அவள் பொய் சொல்லவில்லை. அதற்கு முன் பட்டதையெல்லாம் அவள் வலிக் கணக்கில் சேர்க்கவே இல்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தார். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை. இந்த மாத்திரையோடு திரும்பிப் போனால் மதினி மறுபடி வரமாட்டாள், பிள்ளைகள் தாயில்லாமல் போய்விடும் என்று பயந்தேன். நான் அந்நிய ஆள் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. எனக்காகவும் மதினிதான் எங்கும் பேசுவாள்.

“எட்டு வயசுலருந்தும்மா” என்றேன்.

“என்னது, எட்டு வயசுலருந்தா வலிக்குது?”

“வலியில்ல. பகல்ல தண்ணியே குடிக்கமாட்டாக. ஆபீஸுல ஒதுங்க எடமில்ல. அப்பருந்து.”

மதினி என் தொடையைக் கிள்ளினாள். “ஏ, சும்மா இரு புள்ள. இதயெல்லாம் போயி அவுககிட்டச் சொல்லிக்கிட்டு!”

டாக்டரம்மா பேனாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, பகலில் எவ்வளவு நேரம், கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி, என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

படம் எடுத்ததில் கல் தெரிந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றதை வைத்துக்கொண்டு மதினி பேரன் பேத்தி வரைக்கும் பார்த்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு அந்த முதல் நாள்தான் மனசில் நிற்கிறது.

சோதனைக்குச் சிறுநீர் வேண்டும் என்று நர்ஸம்மா பெரிய தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மதினி கையை நீட்டவில்லை.

“குடிச்சா வெளிய போணுமே தாயீ. அங்கன ஆம்பளையாளுக நிக்காக.”

“வெளிய எதுக்குக்கா? இந்தா, உள்ளயே இருக்கு. கதவு போட்டிருக்கு.”

“தாப்பா இருக்கா?”

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “இருக்கு. வேணும்னா போயிப் பாருங்க.”

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. திறந்தது. மறுபடியும் போட்டாள். வெளியே வந்து உட்கார்ந்து, தம்ளரை வாங்கி மூச்சுவிடாமல் குடித்தாள். கழுத்தோரம் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“இன்னொரு தம்ளர் கெடைக்குமா தாயீ?” என்றாள்.