ஓரம் வெட்டிய சமையல் புத்தகம்

வெள்ளவத்தையில் நான் அங்கத்தவராக உள்ள நூலகத்தில் உலக நாடுகளுக்கென்று ஓர் அலுமாரி திறந்தார்கள். பெலாரஸ் தட்டில் ஒரு சுற்றுலாப் பிரசுரமும் டிராக்டர் விளம்பரமும்தான் கிடந்தன. ஒரு நாடு இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது. அந்நாட்டுத் தலைநகர் மின்ஸ்கில் ஆறு வருடம் படித்தவன் நான். என்னிடமிருந்த பெலாரஸ் மொழிச் சமையல் புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுத்தேன்.

அங்கே நான் தங்கிய வீட்டுக்கார அம்மா, நான் ஊர் திரும்பும்போது தந்தது அது. கடையிலும் பஸ்ஸிலும் ரஷ்ய மொழி கதைக்கும் அவர், அடுப்படியில் மட்டும் தன் மொழிக்கு வருவார். பக்க ஓரங்களில் அந்த மொழியில் பென்சிலால் எழுதியிருந்தார்: எந்தத் தேதியில் சமைத்தது, யார் சாப்பிட்டது, இல்லாத சாமானுக்குப் பதில் எதைப் போட்டது. உருளைக்கிழங்கு அடைக்குப் பக்கத்தில், மகன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட காலை என்று, தேதியோடு. ஓரக் குறிப்புகளே முக்கியம் என்று அன்பளிப்புப் படிவத்தில் எழுதியிருந்தேன்.

மூன்றாம் வாரம், வியாழக்கிழமை போனேன்.

"பாருங்க சேர், புதுசு மாதிரி!" என்றார் நூலகர். "கொட்டாஞ்சேனையில குடுத்து பைண்ட் பண்ணினது."

சிவப்பு மட்டை. முதுகில் ஒட்டிய காகிதத்தில் 'ரஷ்யச் சமையல்'. திறந்தேன். தாள்களின் மூன்று ஓரங்களையும் சீராக வெட்டியதில் பென்சில் கையெழுத்து பாதி போயிருந்தது.

"நான் எழுதித் தந்தனான் எல்லோ, மிஸ்?"

"ஓம் சேர், அது ஃபைல்ல இருக்கு. பைண்டருக்கு ஃபைல் போகாதே."

"ரஷ்யா எண்டு ஏன் போட்டீங்க?"

"ரெண்டும் ஒரே எழுத்துத்தானே."

"அந்தா, உங்கட மேசையில கிடக்கிற கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழா மலரும் தமிழ் எழுத்துத்தான். இந்தியாத் தட்டில வைப்பீங்களா?"

"ஐயோ, அது எங்கட ஆக்கள்ட சேர்!" என்று சிரித்தார்.

திருப்பிக் கேட்டேன். நூலகப் பதிவேட்டில் ஏறிவிட்டதாம், வேண்டுமானால் இரண்டு கிழமை இரவல் எடுக்கலாமாம். என் புத்தகத்தை இரவல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மகன் புறப்பட்ட மாதம் மிஞ்சியிருக்கிறது, நாளைக் காணவில்லை. மழை பெய்தால்கூடத் தேதி போட்டு எழுதிவைக்கும் நான், அந்த ஓரங்களை ஒருமுறையாவது பிரதி எடுத்திருக்கவில்லை. அருவருப்பு நூலகர்மீது அல்ல, என்மீதுதான் வந்தது.

முதுகிலிருந்த காகிதத்தை வெந்நீர் தொட்டு உரித்தேன். 'பெலாரஸ்' என்று எழுதி ஒட்டினேன். திருப்பிக் கொடுக்கும்போது யார் செய்தது என்று கேட்டால் ஃபைலைப் பார்க்கச் சொல்வேன்.