மீசைக்காரரின் மூன்று கிட்டார்களும் என் அத்தானின் காதும்

என் அத்தான் வாழ்நாளில் ஒரு கிட்டாரைக் கையால் தொட்டதில்லை. வாசிக்கத் தெரியாது. விசிலடித்தால்கூடத் தாளம் நொண்டும். ஆனால் கடல் தாண்டிய ஒரு ராக் குழு நாற்பது வருடத்துக்கு முன்னால் பதிவு செய்த பாட்டுகளில், எதில் எந்த பேஸ் கிட்டார் ஒலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் இந்த ஊரில் தான் ஒருவர்தான் என்று நம்பினார். நம்பியதோடு நிற்காமல் புத்தகமும் போட்டார். அதற்குப் பிழை திருத்திய பாவம் என்னுடையது. அச்சகத்தில் எனக்கு அதுதான் வேலை.

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பி கொண்டது. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடிக்கொண்டிருக்கும். பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. நின்றால்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். அந்தக் குழுவில் அதை வாசித்தவருக்குப் பெரிய மீசை. ரசிகர்களுக்கு அவர் மீசைக்காரர். அவரிடம் மூன்று கிட்டார்கள் இருந்தன. கழுத்து குட்டையானது கட்டை. கழுத்து நீண்டது நெட்டை. தலைப்பக்கம் சிவப்புப் பூச்சு அடித்தது செந்தலை. எட்டு இசைத்தட்டு, எண்பத்தாறு பாட்டு. எதில் எது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மீசைக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரில் வேறு குறையே இல்லை என்பதுபோல அத்தான் இதை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

அவருக்கு உத்தியோகம், வண்டி ஓட்டும் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில். தேர்வுக்கு வருகிறவரின் பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வண்டி நின்றதும், "கண்ணாடிய ரெண்டு தடவைதான் பாத்தீங்க. அடுத்த மாசம் வாங்க" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'அடுத்த மாசம்' என்றே பெயர். அவர் காதுக்கு அது எட்டியதில்லை. எட்டாததற்குக் காரணம் பிறகு தெரிந்தது.

அவரும் என் அக்காவும் இருக்கும் வீடு இரண்டாவது மாடியில். முன்னறையில் பாதியை அலமாரி உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் அடைத்துக்கொண்டிருந்தன. மிச்ச இடத்தில், ஜன்னலோரம், அக்காவின் தையல் மெஷின். அக்கா புதிதாகத் தைப்பதில்லை. பெரிதானதைச் சின்னதாக்குவாள், இறுக்கமானதைப் பிரித்துவிடுவாள். ஒரு நாளைக்கு இருபது உருப்படி. அத்தான் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார்: "மெஷின நிறுத்து. காது வேணும் எனக்கு."

அக்கா நிறுத்திவிட்டுப் பொத்தான் தைக்கிற வேலை, ஓரம் மடிக்கிற வேலை என்று சத்தமில்லாததை எடுத்துக்கொள்வாள். அவர் ஒரே பாட்டை முப்பது தடவை போடுவார். கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கி, ஏதோ வேதம் இறங்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார். பிறகு நோட்டில் எழுதுவார்: நெட்டை. ஐயமில்லை. இப்படி இருபத்திரண்டு வருடம். நான் போகிற நாளிலெல்லாம் ஏதாவது ஒரு தும் தும் ஓடிக்கொண்டிருக்கும். அக்கா தலையைத் தூக்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பொறுமையை வேறு எதிலாவது காட்டியிருந்தால் ஒரு மலையையே நகர்த்தியிருப்பாள் என்று எனக்கு அவள் மேலும் எரிச்சல்தான்.

மீசைக்காரர் ரசிகர்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். இடம், தெருமுனைப் பல் டாக்டரின் காத்திருப்பு அறை. டாக்டர் நிஜமாகவே பேஸ் வாசிப்பவர். கட்டை, நெட்டை, செந்தலை மூன்றுக்கும் ஜோடியாக அதே வகைக் கிட்டார்களைத் தேடிப்பிடித்து வைத்திருந்தார். அதனாலேயே அத்தானுக்கு அவரைப் பிடிக்காது. "வாசிக்கறவனுக்குக் கைதான் இருக்கும். கேக்கறவனுக்குத்தான் காது" என்பார்.

அவர்களுக்குள் முட்டிக்கொண்டது மூன்றாவது இசைத்தட்டின் ஒரு பாட்டில். அத்தான் நெட்டை என்றார். டாக்டர் கட்டை என்றார். அத்தான் ஒரு புகைப்படத்தை மேசையில் போட்டார். பதிவு நடந்த அன்று எடுத்தது; மீசைக்காரருக்குப் பின்னால் நெட்டை ஒரு தாங்கியில் நிற்கிறது.

"நின்னா அத வாசிச்சாருன்னு அர்த்தமா சார்?" என்றார் டாக்டர். "என் ரூம்லகூடத்தான் குடை நிக்குது. அதாலயா பல்லப் பிடுங்கறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் படமே வேணாம். கண்ணக் கட்டிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன்" என்றார்.

"அப்போ வச்சுப் பாத்துடலாமா?" என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிறு. டாக்டர் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பத்துத் துண்டுகள் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கிட்டார் என்று அத்தான் தாளில் எழுத வேண்டும். டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கை குறைத்திருந்தாள் அக்கா. அதைக் கொடுக்க அவளும் வந்திருந்தாள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். பொய் சொல்வானேன், அவர் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்கத்தான் போனேன்.

அத்தான் வழக்கம்போல விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். திரைக்குப் பின்னாலிருந்து தும் தும். அக்கா வரவேற்பு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, கை சும்மா இருக்கமாட்டாமல், ஓர் அளவுச் சீட்டின் பின்பக்கம் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒன்று முதல் பத்து வரை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே க, நெ, செ என்று எழுதியிருந்தாள்.

அத்தானுக்குப் பத்தில் நான்கு சரி. மூன்றே மூன்று கிட்டார்தானே. கேட்காமலே வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலும் மூன்று தேறியிருக்கும். இருபத்திரண்டு வருட ஆராய்ச்சியின் லாபம் ஒன்று.

நான் அக்காவின் சீட்டைப் பிடுங்கி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் தன் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். திரும்பவும் மேலிருந்து பார்த்தார். ஒன்பது சரி. ஏழாவதில் மட்டும் கட்டைக்குப் பதில் செ என்று போட்டிருக்கிறாள் என்றார்.

"ஏழாவது கட்டைதான்," என்றாள் அக்கா கூச்சத்தோடு. "ஆனா மத்ததெல்லாம் விரலால வாசிச்சீங்க. அத மட்டும் என்னமோ வில்லைய வச்சு வாசிச்ச மாதிரி இருந்துச்சு."

டாக்டர் சட்டைப் பையிலிருந்து கம்பியை மீட்டுகிற ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுத்துக் காட்டினார். "யாருக்கும் சொல்லவே இல்ல நான். எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"கட்டையில அடிச்சா சத்தம் சட்டுனு படுத்துடும். நெட்டையில நின்னு போகும். செந்தலையில ஒரு கரகரப்பு, புதுத் துணியக் கிழிக்கற மாதிரி. தெனம் கேக்கறதுதானே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திரைத்துணி கனமாக இருந்ததால் ஓசை மாறிவிட்டது என்றார் அத்தான். டாக்டரின் கை சரியில்லை என்றார். அறையில் மருந்து வாடை என்றார். காதுக்கும் மருந்து வாடைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவுடையது குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ஆனால் மனிதர் காரியத்தில் கெட்டி. அந்த வாரத்திலிருந்து வீட்டில் பாட்டுப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இது எதுன்னு தோணுது உனக்கு? சும்மாதான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். அக்கா சொல்வாள். அவர் உம் கொட்டிவிட்டு, அவள் அடுப்படிக்குப் போனதும் நோட்டைத் திருத்துவார். மூன்று மாதத்தில் கைப்பிரதி அச்சகத்துக்கு வந்தது. தலைப்பு: 'எந்தப் பாட்டில் எந்தக் கிட்டார்: முடிந்த முடிவு'. உள்ளே முப்பத்தோரு இடத்தில் வெள்ளை மை பூசி மாற்றியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பழைய பொய் தெரிந்தது. முன்னுரையில் தன் அலுவலகத்துக்கும், ஒலிபெருக்கி செய்த கம்பெனிக்கும், தன்னைப் பெற்றவர்களுக்கும் நன்றி. அக்காவைப் பற்றி ஒரு வரி: 'இந்த ஆய்வுக்காலம் முழுதும் அமைதி காத்த என் துணைவிக்கு.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அக்காவிடம் போனேன்.

"அமைதி காத்தியாமே. முப்பத்தொண்ணும் நீ சொன்னதுதானே? உன் பேரு எங்க?"

"விடுடி. அவருக்கு இருக்கறது இது ஒண்ணுதான்."

"உனக்கு?"

அவள் ஒரு பேண்ட்டின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே வேறொன்று சொன்னாள். "அஞ்சாவது தட்டுல கடைசிப் பாட்டு இருக்குல்ல, அந்த மெதுவான பாட்டு. அது மூணுல எதுவுமே இல்ல. ஆளே வேற. மீசைக்காரர் கை இல்ல அது. சொன்னதுக்குக் கத்தினாரு."

கத்தாமல் என்ன செய்வார். அந்தப் பாட்டுதான் மீசைக்காரரின் உச்சம் என்று உலகமே சொல்கிறது. அத்தானின் முன்னுரையில் மூன்று பக்கம் அதற்கே. நெட்டை, ஐயமில்லை, இந்த விரல்கள் வேறு யாருக்கும் வாய்க்காது என்று உருகியிருந்தார். அக்கா சொன்னதை டாக்டரிடம் சொல்லி வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பதிவுகளைச் செய்த ஒலிப்பதிவாளர் கிழவராக இன்னும் உயிரோடு இருப்பதாகவும், எழுதிக் கேட்பதாகவும் சொன்னார்.

பதில் வருவதற்குள் புத்தகம் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு அதே காத்திருப்பு அறையில் வெளியீடு. அத்தான் இஸ்திரி கலையாத சட்டையில் அரைமணி நேரம் பேசினார். உண்மைக்குக் காது கொடுப்பது பற்றி. அவர் உட்கார்ந்ததும் டாக்டர் எழுந்து ஒரு கடிதத்தைப் பிரித்தார். முந்தின நாள்தான் வந்ததாம். நிதானமாகப் படித்து மொழிபெயர்த்தார்.

அந்த மெதுவான பாட்டுப் பதிவான அன்று மீசைக்காரருக்கு அம்மை. ஒலிப்பதிவுக் கூடத்தை ஒரு நாள்தான் பிடித்திருந்தார்கள். பக்கத்து அறையில் விளம்பரங்களுக்குக் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் சொந்தக் கிட்டாரோடு வந்தார், இரண்டு தடவை வாசித்தார், போய்விட்டார். பெயரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

"கிழவருக்கு வயசாச்சு. ஞாபகம் தப்பும்," என்றார் அத்தான்.

"பக்கத்துலயே உக்காந்து பதிவு பண்ணினவர் சார் அவரு."

அத்தான் ஒரு நொடி யோசித்தார். அப்புறம் செய்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, ஒத்துக்கறேன். எனக்கே அதுல ஒரு சந்தேகம் இருந்துச்சு. வீட்டுல சொல்லிட்டேகூட இருந்தேன். அச்சுக்குப் போன அவசரத்துல விட்டுப்போச்சு. வேணும்னா இவளக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வாசலோரம் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும்போலத் தலையாட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்தார். பாதிச் சிரிப்போடு காத்திருந்தார்.

"இல்லைங்க," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "சொன்னது நான். நீங்க நெட்டைன்னு போட்டீங்க."

"ஏய், என்ன பேசற?"

"முப்பத்தோரு பாட்டு நான் சொல்லித் திருத்தினது. மிச்சம் அம்பத்தஞ்சுல, இதையும் சேத்து பதினாலு தப்பு. மத்ததையும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல."

டாக்டர் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அக்கா உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்க்காமலே, பதினான்கையும் எழுதினாள். அத்தான் எப்போது வெளியே போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் பத்து நாள் பேச்சில்லை. பதினோராம் நாள், "மானத்த வாங்கிட்ட" என்றாராம். "நானா வாங்கினேன்?" என்றாளாம் இவள். அதோடு முடிந்தது. புத்தகக் கட்டுகள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. பல்லிகளுக்கு வசதி. அத்தான் ரசிகர் வட்டத்துக்குப் போவதில்லை. பேஸ் கிட்டார் என்பதே கொஞ்சம் மட்டமான விஷயம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டிரம்ஸ் பக்கம் போய்விட்டார். எந்தப் பாட்டில் எந்தத் தோல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் காலத்தில் அதற்கும் ஒரு முடிந்த முடிவு வரும். பிழை திருத்த வேறு ஆள் பார்க்கட்டும்.

ஞாயிறு காலையில் இப்போது போகிறவள் அக்கா. டாக்டர் வாசிக்கக் கற்றுத்தருகிறேன் என்றார். "வேணாங்க, கேக்கறதே போதும்" என்றுவிட்டாள். பெயரில்லாத அந்தக் கூலி வாசிப்பாளரை அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். பழைய விளம்பரங்கள், அந்தக் காலத்து வேறு குழுக்களின் தட்டுகள், எதையும் விடுவதில்லை. இதுவரை நான்கு இடத்தில் அதே கையைப் பிடித்திருக்கிறாள். கிழவருக்கு எழுதிக் கேட்டார்கள். இரண்டை ஆமாம் என்றிருக்கிறார், மற்ற இரண்டும் தான் பதிவு செய்ததல்ல என்கிறார். பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

போன வாரம் என்னைப் பிடித்து உட்காரவைத்து ஒன்றைப் போட்டாள். இருபது விநாடி.

"கவனி. கடைசி அடியில கைய எடுக்க மனசே இல்லாம எடுக்கறாங்க பாரு. கேக்குதா?"

கேட்கிறது என்றேன். உண்மையில் எனக்குக் கேட்டது பற்பசை விளம்பரம் மட்டும்தான்.