லோஞ்சில் நான் போட்ட சத்தம்

என் பிள்ளைகளுக்கு என் வாயென்றால் பயம். "அம்மாவோட கதைச்சுத் தப்ப ஏலாது" என்பார்கள். பிறக்கும்போதே நான் இப்படித்தான் என்று நினைக்கிறார்கள். எங்கே! இருபத்திரண்டு வயது வரைக்கும் எனக்குச் சத்தமே கிடையாது.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை. பெண்பிள்ளையின் குரல் குசினியைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அயலெல்லாம் என்னைத் தங்கமான பிள்ளை என்று சொல்லும். எனக்கும் அதில் பெருமைதான், ஏன் பொய் சொல்லவேண்டும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் மூதூரில் ஒரு முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் எனக்கு நியமனம் கிடைத்தது. அங்கேயே ஒரு வீட்டில் தங்கிப் படிப்பித்தேன். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. வெள்ளி காலை லோஞ்சில், மோட்டார்ப் படகில்தான், குடாவைக் கடந்து வீட்டுக்கு வருவேன். சனி பின்னேர லோஞ்சில் திரும்புவேன். அந்த லோஞ்சில் ஒரு மனுசி தயிர்ச் சட்டிகளோடு திருகோணமலைச் சந்தைக்குப் போய் வருவா. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள்; எல்லோரையும் போல நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மனதுக்குள் எனக்கு அவவைப் பிடிக்காது. அப்படி ஒரு வாய்! லோஞ்சு புறப்பட முன்னம் விளிம்பில் குந்திக் கையைத் தொங்கவிடுவா. விரல் தண்ணீரில் பட்டால் ஆட்கள் அளவுக்கு மேல் கூடிவிட்டார்கள் என்று கணக்கு. பிறகு லோஞ்சு ஓட்டும் தண்டலுக்கு விழும் பாருங்கள்: "கண்டவனையும் ஏத்துறியே, கடல் என்ன உனக்கு மாமி ஊடா? இறக்குடா!" நாலு பேர் இறங்கும்வரை ஓயமாட்டா. நான் வெட்கத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் பார்ப்பேன். அதையும் விடமாட்டா. "டீச்சர் வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?" என்று கேட்பா. எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த வருடக் கார்த்திகையில், ஒரு சனிக்கிழமை, திருகோணமலைப் பட்டினத்தில் நாடகப் போட்டி. அந்த வெள்ளி நான் வீட்டுக்குப் போகவில்லை; என்னோடு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் போகவேண்டும். அதில் ஒருத்தி ராத்தாவின் மகள். ராத்தாவுக்குக் காய்ச்சல், அன்று சந்தைக்கு வரவில்லை. ஆனாலும் காலையில் மூதூர்த் துறைக்கு வந்து என் கையைப் பிடித்தா. "உங்களை நம்பித்தான் விடுறன் டீச்சர்" என்றா. "ஓம் ராத்தா" என்றேன். அவவுக்குக் கேட்டதோ என்னவோ.

போட்டியில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதை விடுவோம். மூன்று மணிக்குத் திரும்பித் துறைக்கு வந்தால் வானம் கறுத்துக் கிடந்தது. அதுதான் கடைசி லோஞ்சு. ஊர் முழுக்க அதற்குள்தான். பிள்ளைகளை உள்ளே இருத்தினேன். ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அரிசி மூட்டைகள், ஒரு சைக்கிள், பிறகும் ஆட்கள். நான் விளிம்பில் இருந்தேன். என்ன நினைத்தேனோ, கையைத் தொங்கவிட்டேன். விரல் அல்ல, மணிக்கட்டு வரைக்கும் நனைந்தது.

ஒன்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். "ஆக்கள் கூட" என்று மெல்லச் சொன்னேன். "ஒண்டும் ஆகாது டீச்சர்" என்று தண்டல் கயிற்றை அவிழ்த்தார். அப்போது என் வாய் திறந்தது. "கடல் என்ன உங்களுக்கு மாமி வீடா? கட்டுங்கோ கயிறை! என்ட பிள்ளையளுக்கு ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது?" ஐயோ, அது என் குரலா! துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"பயமெண்டா நீங்க இறங்குங்களன்" என்றார் ஒருவர். "இறங்கிறன்!" என்றேன். ஒன்பது பேரையும் இறக்கினேன். எங்களைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். லோஞ்சு ஒரு சாண் மேலே எழும்பியதை எல்லோரும் கண்டார்கள். தண்டல் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இவங்களை விட்டிட்டுத் திரும்பி வாறன் டீச்சர். அல்லாஹ்வுக்காக வருவன்" என்றார்.

இரண்டு மணித்தியாலம் துறையில் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. கத்தின வாய் இப்போது உலர்ந்து போய்விட்டது. வராவிட்டால்? ஒன்பது தாய்மாருக்கு நான் என்ன சொல்வது? அப்பாவின் தங்கமான பிள்ளை இப்படிச் சனத்தின் நடுவில் கத்தியதாக நாளைக்கு ஊர் சிரிக்காதா? ஐந்து மணிபோல லோஞ்சின் சத்தம் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் காணக்கூடாதென்று மழையில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

குடாவுக்குள் அலை எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஆனாலும் பாரமில்லாத லோஞ்சு ஒவ்வொரு அலையிலும் ஏறி இறங்கியது. "அந்தப் பாரத்தோட இப்ப வந்திருந்தா..." என்று தண்டல் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்.

மூதூர்த் துறையில் ராத்தா இடுப்பளவு தண்ணீரில் நின்றா. காய்ச்சல் உடம்பு நடுங்கிக்கொண்டு இருந்தது. லோஞ்சு முட்ட முன்னமே விளிம்பைப் பிடித்து, மகளை மட்டுமல்ல, ஒன்பது தலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தா. ஒரு சொல் வரவில்லை. அந்த மனுசியை வாயடைத்து நான் கண்டது அன்று மட்டும்தான்.

முதல் தடவை வந்தபோது நடந்ததைத் தண்டல்தான் சொன்னார். "டீச்சர் சத்தம் போட்டுப் பிள்ளையளை இறக்கிட்டா, நான் திரும்பிப் போய்க் கூட்டிட்டு வாறன் எண்டு சொன்னன். இவ நம்பினாத்தானே! என்ட சட்டையைப் பிடிச்சிட்டா. 'அந்த டீச்சர் கத்துமா? பொய் சொல்றாய். பிள்ளையளைக் கடல்ல விட்டிட்டு வந்து கதை விடுறாய்' எண்டு ஒரே அழுகை."

ராத்தா என்னையே பார்த்தா. இரண்டு மணித்தியாலமாக அந்தத் தாய் மகளைப் பறிகொடுத்தவளாக நின்றிருக்கிறா, எனக்குக் குரல் இல்லை என்ற ஒரே காரணத்தால்.

"நான்தான் கத்தினனான், ராத்தா" என்றேன், துறையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி.